சிப்பி பொறுக்கத் தீவுக்குப் போகிறீர்களா? எந்தப் படகில் ஏறலாம்?

சிப்பி பொறுக்கத் தீவுக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் படகைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். மேலே கூரை இருக்கிறதா, எத்தனை தீவு காட்டுவார்கள், சாப்பாடு உண்டா என்பதுதான் கேள்வி. நானும் முதல் தடவை ‘ஒரே நாளில் மூன்று தீவு’ சுற்றில்தான் ஏறினேன். ஒவ்வொரு தீவிலும் நாற்பது நிமிடம். முதல் தீவில் இறங்கியபோது கடல் ஏறி நின்றது, மணலே நாலு எட்டுதான் இருந்தது. மூன்றாவது தீவில் தண்ணீர் வடிந்து, உள்ளங்காலில் சோழி உறுத்த ஆரம்பித்த நேரம் பார்த்து ஹாரன் அடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தால் பாதி சில்லு, மீதி வெளுத்துப்போனவை.

அன்றிலிருந்து எந்தப் படகையும் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன். கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில் எத்தனை நிமிடம் என்னை மணலில் விடுவார்கள்?

பெரும்பாலான கடற்கரைகளில் கடல் நாளுக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வாங்கும். இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒரு வற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் இன்றைக்குக் காலை 7 மணிக்குக் கடல் வாங்கினால், நாளைக்கு 7.50 வாக்கில்தான் வாங்கும். ஒரு வாரம் போனால் அது மதியம் ஒரு மணியைத் தொட்டுவிடும். படகோ தினமும் ஒன்பது மணிக்கே கிளம்பும். விளம்பரத்தில் இருக்கும் படத்துக்கும் நமக்குக் கிடைக்கும் கரைக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் கடல் அதிக தூரம் உள்வாங்கும். அஷ்டமி, நவமி வாக்கில் வாங்கியும் வாங்காத மாதிரிதான். மத்தியதரைக் கடல் போல ஏற்ற வற்றமே குறைவான இடங்களில் இந்தக் கணக்கு எடுபடாது. அங்கே காற்றடித்து ஓய்ந்த மறுநாள்தான் நல்ல நாள்.

இதை வைத்துப் பார்த்தால் பல தீவுச் சுற்று முதலிலேயே அடிபடுகிறது. குழந்தைகளோடு ஒரு நாள் உல்லாசமாகப் போய்வரச் சரி, சிப்பிக்கு ஆகாது. பத்துப் பதினைந்து நிமிடம் இறங்கி ஏறுவதிலேயே போய்விடும். ஒரு தீவுக்கு வற்றம் வாய்த்தாலும் மற்ற இரண்டுக்கும் வாய்க்காது.

வழிகாட்டியோடு போகும் சிறு குழுப் படகு வேறு ரகம். எட்டுப் பேர், பத்துப் பேர், கூடவே கரை தெரிந்த ஒருவர். நல்லவர் அமைந்தால் வற்றத்தைப் பார்த்துத்தான் புறப்படும் நேரத்தையே வைப்பார். அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது சங்கின் பெயர்களை அல்ல, எங்கே குனிவது என்பதை. கரையில் இரண்டு வரிகள் இருக்கும். மேல்வரி, ஏற்றம் விட்டுப்போன காய்ந்த பாசியும் லேசான சிப்பிகளும் கிடக்கும் கோடு. எல்லாரும் அங்கேதான் மொய்ப்பார்கள். கீழ்வரி, அலை திரும்பும் இடத்துச் சிறு பள்ளம். கனமான, உடையாத, நிறம் போகாத சங்குகள் அந்தப் பள்ளத்தில்தான் தங்கும். தீவின் முனையில் நீரோட்டம் வேகம் குறைந்து மணல்திட்டு போடும் இடமும் அப்படியே. இந்தப் படகின் குறை, பத்துப் பேரும் ஒரே கரையில் பரவுவது. முன்னால் நடப்பவருக்குக் கிடைப்பது பின்னால் வருபவருக்குக் கிடைக்காது. இருந்தாலும் முதல் தடவை போகிறவருக்கு இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு காரணமும் உண்டு. கூம்புச் சங்கு வாழும் வெப்பமண்டலக் கடல்களில் அதை எடுத்துக்காட்டி எச்சரிக்க ஓர் ஆள் வேண்டும். பூ வேலை செய்த மாதிரி அழகாக இருக்கும். உயிரோடு இருந்தால் ஈட்டி போன்ற பல்லால் குத்தி நஞ்சைச் செலுத்தும். அதில் ஓர் இனம் ஆளையே கொன்றிருக்கிறது. துணிப்பையில் போட்டுவிட்டோமே என்று நிம்மதியாக இருக்க முடியாது, துணியைத் தாண்டியும் குத்தும்.

என் சொந்தத் தேர்வு, இறக்கிவிட்டுவிட்டுப் பிறகு வந்து ஏற்றிக்கொள்ளும் படகு. பேச்சு, விளக்கம் எதுவும் இல்லை. மலிவும் அதுதான். காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்று ஓடும். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு கரையில் இருக்கும்படி ஒரு நடையைப் பிடித்தால் போதும், ஒரு மணி நேரம் பின்பு வரை கரை நமக்குத்தான். ஒன்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். படகுகள் அலை இல்லாத உட்புறத்தில்தான் ஒதுங்கும், நல்ல சிப்பி பெரும்பாலும் திறந்த கடலைப் பார்த்த வெளிப்புறத்தில் கிடக்கும். குறுக்கே நடக்கப் பாதை இருக்கிறதா, எவ்வளவு தூரம்? இதைக் கேட்காமல் போய் அரை மணி நேரம் முட்புதரைச் சுற்றியிருக்கிறேன். தண்ணீர், நிழல் எதுவும் இராது என்று வைத்துக்கொண்டே போங்கள். கடைசிப் படகு எது என்பதைச் சீட்டைப் பார்த்து அல்ல, ஏறும்போது படகோட்டியிடமே கேளுங்கள்.

தனிப்படகு அமர்த்துவது நாலைந்து பேர் செலவைப் பகிர்ந்துகொண்டால் கட்டுப்படியாகும். அதன் பலம், கடல் வாங்கும் நேரத்துக்குப் படகு நமக்காகக் கிளம்பும் என்பது. விடியற்காலை ஐந்தரைக்கு வற்றம் என்றால் வேறு எந்தப் படகும் உதவாது. ஆனால் படகோட்டிக்குச் சிப்பியில் ஆர்வம் இல்லையென்றால் அவருக்கு வசதியான கரையில்தான் நிறுத்துவார். பேசும்போதே முனைத்திட்டில் இறக்க முடியுமா என்று கேளுங்கள். அடிப்பாகம் தட்டையான படகாக இருந்தால்தான் முடியும் என்று பதில் வந்தால், ஆள் விஷயம் தெரிந்தவர்.

துடுப்புப் போட்டுக் கயாக்கில் போவது பக்கத்துத் தீவுக்கு மட்டும். வடியும் நீரோடு போய், ஏறும் நீரோடு திரும்பினால் கை வலிக்காது. நேரம் தப்பினால் இரண்டு தீவுக்கு இடைப்பட்ட கால்வாயில் நீரோட்டம் ஆளைக் கடலுக்குத் தள்ளும்.

எதில் போனாலும் அந்தத் தீவின் சட்டத்தை முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட தீவுகள் பலவற்றில் வெறும் சிப்பி ஓட்டைக்கூட எடுக்கக் கூடாது. சில இடங்களில் உயிர் இல்லாததை மட்டும் எடுக்கலாம், சில இடங்களில் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. நாடு விட்டு நாடு கொண்டுபோவது தனிக் கதை. ராட்சதச் சிப்பி, கரீபியன் ராணிச் சங்கு, சுருள் ஓடு கொண்ட நாட்டிலஸ் ஆகியவை, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் இருப்பவை, விமான நிலையத்தில் பிடித்துக்கொள்ளக்கூடும். ‘நாங்கள் அழைத்துப்போகும் இடத்தில் எதையும் எடுக்கலாம்’ என்று சொல்லும் படகை நான் தவிர்த்துவிடுவேன்.

திரும்பும் படகு வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே பொறுக்குவதை நிறுத்திவிட்டு, எடுத்த சங்குகளையெல்லாம் ஈர மணலில் பரப்பி, கொஞ்சம் தள்ளிப்போய் உட்காருங்கள். வாயில் மூடி அடைத்திருப்பவை இன்னும் உயிரோடு இருக்கலாம், அவற்றைத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். மற்றவற்றில் ஒன்றிரண்டு ஐந்தாறு நிமிடத்தில் லேசாக ஆடும். பிறகு சிவந்த கால் ஒன்று வெளியே வரும். குடியேறிய நண்டு கடலை நோக்கி நடக்க ஆரம்பித்துவிடும். மிச்சம் கிடப்பதைப் பையில் போட்டுக்கொண்டு படகேறலாம்.