வேலைக்குப் போகிறவர்களுக்குப் பாடம்: முதலில் விளக்கமா, முதலில் வேலையா?

பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் கட்டாயம் வரும். பாடத்தை விளக்கிவிட்டுப் பயிற்சி தருவதா, இல்லை, முதலில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு அவர்கள் திணறும் இடத்தில் விளக்குவதா? நான் இரண்டாவதற்கு மாறிவிட்டேன், திரும்பிப் போகும் எண்ணம் இல்லை.

முதல் வழியின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். தயாரிப்பு சுலபம், நேரம் கைக்குள் நிற்கும், பாடத்திட்டம் முடியும். புது ஆசிரியருக்கு அந்தத் தைரியம் தேவைதான்.

ஆனால் எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: எதிரில் இருப்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பது நமக்கு எப்போது தெரியவருகிறது? பெரியவர்கள் அனுபவத்தோடு வருகிறார்கள், அதுவே பாடத்துக்குப் பெரிய வளம் என்று வயதுவந்தோர் கல்வியில் பேர்போன அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் வலியுறுத்தினார். சரிதான், ஆனால் அந்த அனுபவத்தோடு ஊறிப்போன பழக்கங்களும் சேர்ந்தே வரும், அவற்றை விளக்கத்தால் பார்க்க முடியாது.

எக்செல் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சரக்கு இருப்புப் பட்டியலைக் கொடுத்து, மொத்தம் போடுங்கள், அப்புறம் மூன்றாவது வரியில் உள்ள எண்ணை மாற்றிப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். ஒருவர் எண்களைத் தானாகக் கூட்டும் சம் (SUM) ஃபார்முலா போட்டுவிட்டு அடுத்தது என்ன என்று பார்ப்பார். பல வருடம் கணக்கு எழுதிய இன்னொருவர், கால்குலேட்டரில் கூட்டி, விடையை மொத்தத்துக்கான செல்லில் (கட்டத்தில்) தட்டி வைப்பார், எண்ணை மாற்றினால் மொத்தம் அசையாது, "இது ஏன் மாற மாட்டேங்குது?" என்று அவரே கேட்பார். மூன்றாமவர் அளவை மாற்றும்போது "25 கிலோ" என்று எண்ணையும் எழுத்தையும் ஒரே செல்லில் போட்டிருப்பார், சம் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு கூட்டாமல் விட்டுவிடும். பத்து நிமிடத்தில் மூன்று பேருக்கும் மூன்று வெவ்வேறு பாடம் தேவை என்று தெரிந்துவிடுகிறது. இதையே அரை மணி நேரம் விளக்கியிருந்தால் மூவரும் ஒரே மாதிரி தலையாட்டியிருப்பார்கள், ஏனென்றால் தன்னைவிட வயதில் சின்னவர்கள், சில நேரம் தனக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு "புரியவில்லை" என்று கை தூக்குவது ஒரு பெரிய மனிதருக்கு அவ்வளவு எளிதில்லை. வேலை கையில் இருக்கும்போது அவர் தன் அறியாமையைச் சொல்ல வேண்டியதில்லை, திரையில் இருப்பதைக் கேட்டால் போதும்.

இதற்கான உழைப்பு வகுப்புக்கு முன்னால்தான். வேலை சின்னதாக இருக்க வேண்டும், சரியாக வந்ததா என்று அவர்களே பார்த்துக்கொள்ள வழி இருக்க வேண்டும், எங்கே சறுக்குவார்கள் என்று நாம் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். இருவர் இருவராக உட்கார வைத்தால் விவரம் தெரிந்தவர் மவுஸைப் பிடித்துக்கொள்வார், அதனால் தெரியாதவர் கையில் மவுஸைக் கொடுத்துவிட்டுத் தெரிந்தவரை வாயால் மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

அடியோடு புதியவர்களுக்கு இது பொருந்தாது. 1985இல் ஸ்வெல்லர், கூப்பர் என்ற இரு ஆய்வாளர்கள் இயற்கணிதத்தை வைத்துச் செய்த ஆய்வில், தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படித்தவர்கள், தாங்களே முட்டிமோதித் தீர்த்தவர்களைவிட, அதே வகைக் கணக்குகளை வேகமாகச் செய்தார்கள். விவரம் கூடக் கூட அந்த லாபம் குறையும் என்றும் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆக, மவுஸையே முதல் முறை தொடுகிறவருக்கு முழுதாக ஒன்றைச் செய்து காட்டிவிட்டுத்தான் வேலை தர வேண்டும். நான் பெரும்பாலும் வேலையில் இருப்பவர்களுக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எழுத்தறிவு வகுப்புக்கு என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தேர்வுக்குத் தயாராகும் வகுப்பு என்றால் விளக்கத்தைத் தவிர்க்க முடியாது, பாடத்திட்டம் துரத்தும். அங்கேயும் முதல் பத்து நிமிடத்துக்கு ஒரு பழைய வினாவைக் கொடுத்துவிட்டு, பேசாமல் வகுப்பைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள், எதை விளக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அவர்கள் நோட்டைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம்.