துபாயில் வீடு தேடும் குடும்பங்களுக்கு: இஜாரி (வாடகை ஒப்பந்தப் பதிவு) இல்லாமல் கையில் காசைக் கொடுக்காதீர்கள்

37,200 திர்ஹம். நம்ம ஊர்ப் பணத்தில் ஒன்பது லட்சத்தை ஒட்டி வரும். பாதி வருஷ வாடகை 31,000, டெபாசிட் 3,100, கமிஷன் 3,100. என் வீட்டுக்காரர் அல் குசைஸில் ஒரு ரூமில் ஆறு பேரோடு பெட் ஸ்பேஸில், அதாவது கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுத்துப் படுத்து, வெள்ளிக்கிழமைகூட ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம். மொத்தமாகப் போய்விட்டது. வாங்கினவன் சிரித்துக்கொண்டே, "அக்கா, டீ சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டே வாங்கினான்.

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு இங்கே வருகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

பேரைப் போடு, பேரைப் போடு என்று நேற்றிலிருந்து தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். போட முடியாது. இந்த நாட்டில் இணையத்தில் ஒருவரைப் பேர் சொல்லித் திட்டுவது குற்றம். 2021-இல் வந்த சைபர் சட்டத்தில் அதற்குச் சிறையும் உண்டு, பெரிய அபராதமும் உண்டு. ஏமாற்றினவன் ஏசியில் உட்கார்ந்திருப்பான், ஏமாந்தவள் அபராதம் கட்ட வேண்டி வரும். அதனால் இது ஒரு ரியல் எஸ்டேட் ஆபீஸ், தேராப் பக்கம் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

குடும்பத்தோடு வந்து இறங்குகிறவர்களின் நிலைமை இங்கே எப்படி என்பது ஊரில் இருப்பவர்களுக்குப் புரியாது. நானும் பிள்ளைகளும் விசிட் விசாவில் வந்தோம். ஃபேமிலி விசாவாக மாற்ற வேண்டும் என்றால் இஜாரி வேண்டும். இஜாரி என்பது வாடகை ஒப்பந்தத்தை துபாய் நிலத்துறையின் கணக்கில் பதிவு செய்வது. அது இருந்தால்தான் நீங்கள் அந்த வீட்டில் குடியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்; கரண்டும் தண்ணீரும் உங்கள் பேருக்கு வரும். அந்த இஜாரிக்கு வீடு வேண்டும். வீட்டுக்கு ஓனர்கள் வருஷ வாடகையை ஒரே செக்காகவோ, இரண்டு, நான்காகப் பிரித்தோ வரப்போகும் தேதிகளைப் போட்டு முன்கூட்டியே கேட்கிறார்கள். வேலை மாறி புது பேங்க் கணக்குத் திறந்த இவருக்கு செக் புக் இன்னும் வரவில்லை. விசிட் விசா தேதியோ ஓடிக்கொண்டே இருக்கிறது. தேதி தாண்டினால் ஒரு நாளைக்கு, ஒரு ஆளுக்கு 50 திர்ஹம் ஃபைன்.

இந்த இடைவெளியில்தான் இவன்கள் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். யாரிடம் செக் புக் இல்லை, யாருக்கு விசா அவசரம், யார் வீட்டில் பிள்ளைக்கு ஸ்கூல் சீட் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு முதல் போன் காலிலேயே தெரிந்துவிடுகிறது.

விளம்பரத்தில் இருந்த நம்பருக்கு இவர் இந்தியில்தான் பேச ஆரம்பித்தார். அந்தப் பக்கமிருந்து, "அண்ணே, தமிழ்லயே பேசுங்க, நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம்" என்று பதில் வந்தது. நாங்கள் மன்னார்குடி. அவ்வளவுதான், பாதி வேலை முடிந்தது அவனுக்கு. வடுவூர் சந்தை, கோயில் தெப்பம், எந்த பஸ் எங்கே நிற்கும் என்று எல்லாம் பேசினான். உண்மையிலேயே அந்தப் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும், அதுதான் இன்னும் எரிகிறது.

ஆபீஸ் என்றால் ஆபீஸ்தான். சந்துக்குள் ஒரு மேஜை போட்ட இடமில்லை. கண்ணாடிக் கதவு, சுவரில் ஃப்ரேம் போட்ட லைசென்ஸ், ரிசப்ஷனில் ஒரு பெண், பேப்பர் கப்பில் கரக் டீ. அல் நஹ்தாவில் ஒரு பெட்ரூம் ஃப்ளாட் காட்டினான். பால்கனி உண்டு, கீழேயே சூப்பர் மார்க்கெட். பெரியவள் பால்கனிக்கு ஓடினாள், சின்னவன் காலி அலமாரிக்குள் போய் ஒளிந்துகொண்டான். ஓனருக்குப் போன் போடுகிறேன் என்று எங்கள் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டு அரபியில் என்னவோ பேசி, 65,000 சொன்னதை 62,000 ஆக்கினான். மறுமுனையில் பேசியது யாரோ, எந்த டீக்கடையில் இருந்தானோ.

செக் புக் இல்லை என்று இவர் தயங்கினார். அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணே, அதுக்கா யோசிக்கிறீங்க? ஓனருக்கு எங்க கம்பெனி செக்கை நாங்க குடுத்துக்கிறோம். நீங்க எங்ககிட்ட ரெண்டு தடவையா கேஷா குடுங்க போதும். ஃபேமிலியை வச்சுக்கிட்டு ஹோட்டல்ல எத்தனை நாள் இருப்பீங்க? அக்கா முகத்தைப் பாருங்க."

அக்கா முகத்தைப் பாருங்க! என் முகத்தில் என்ன இருந்ததோ, அதை வைத்தே வியாபாரம் பண்ணியிருக்கிறான்.

அவன் மேஜையில்தான் பணத்தை வைத்தோம். அவர்கள் மெஷினில்தான் எண்ணினார்கள். வட்ட சீல் குத்திய ரசீது கொடுத்தார்கள். நிலத்துறையின் சின்னம் போட்ட ஒப்பந்தப் படிவத்தில் இவர் கையெழுத்துப் போட்டார். அந்தப் படிவத்தை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இறக்கி நிரப்பலாம், பதிவு ஆகும்வரை அது வெறும் காகிதம். சாவியை இவர் கையில் கொடுக்கவில்லை அவன். என் பெண்ணைக் கூப்பிட்டு அவள் கையில் வைத்து, "இனிமே இது உன் வீடும்மா" என்றான். ஒரு குழந்தையின் கையில் சாவியை வைத்துப் பொய் சொல்ல ஒருத்தனுக்கு எப்படி வாய் வருகிறது?

குடிபோனோம். ஐகியாவுக்குப் போகக் காசில்லாமல் இரண்டாம் கை கட்டில், வாஷிங் மெஷின் எல்லாம் வாங்கிப் போட்டோம். அதன் பிறகு இஜாரி, இஜாரி என்று நச்சரிக்க ஆரம்பித்தோம்.

"சிஸ்டம் டவுன் அண்ணே, திங்கக்கிழமை வந்துரும்." திங்கட்கிழமை வந்தது. "ஓனர் லண்டன் போயிருக்கார்." பிறகு, "எமிரேட்ஸ் ஐடி காப்பி கிளியரா இல்லை, மறுபடி அனுப்புங்க." அனுப்பினோம். "டைட்டில் டீடு ரினியூவல்ல இருக்கு." டைட்டில் டீடு என்பது சொத்துப் பத்திரம், வருஷா வருஷம் புதுப்பிக்க அது என்ன வண்டி இன்ஷூரன்ஸா? தேவா (துபாயின் கரண்ட், தண்ணீர் வாரியம்) கனெக்‌ஷனை எங்கள் பேருக்கு மாற்ற வேண்டாமா என்றால், "பழைய பேர்லயே ஓடட்டும் அக்கா, 2,000 டெபாசிட் உங்களுக்கு மிச்சம்" என்றான். எனக்கு நல்லது செய்கிறானாம். இஜாரி ஆகியிருந்தால் அந்த 2,000 கட்டச் சொல்லி தேவாவிலிருந்து தானாகவே மெசேஜ் வந்திருக்கும், வராமல் இருக்கத்தான் அந்தக் கரிசனம்.

ஒரு நாள் சாயங்காலம் நாத்தூரும் (கட்டிடக் காவலாளி), கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜ்மெண்ட் ஆளும் கதவைத் தட்டினார்கள். நீங்கள் யார் என்று கேட்டார்கள். வாடகைக்கு இருக்கிறோம் என்றோம். இந்த ஃப்ளாட் வேறு ஒருவன் பேரில் இருக்கிறது, அவன் கொடுத்த இரண்டாவது செக் பவுன்ஸ் ஆகிவிட்டது, உள்வாடகைக்கு விட ஓனர் அனுமதி தரவே இல்லை என்றார்கள். நாங்கள் ரசீதைக் காட்டினோம். அந்த ஆள் நல்ல மனுஷர், திட்டவில்லை, ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், இந்தக் கம்பெனிக்கும் எங்க ஓனருக்கும் சம்பந்தமே இல்லை" என்றார்.

அன்று ராத்திரியே போன் அடித்தோம். எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் முதலில் நீல டிக் விழுந்தது, அப்புறம் ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது.

மறுநாள் ஆபீஸுக்குப் போனோம். அதே கண்ணாடிக் கதவு, அதே ரிசப்ஷன் பெண். எங்களைப் பார்த்ததே இல்லை என்பதுபோல் உட்கார வைத்தாள். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறாராம். மீட்டிங் முடிந்து வெளியே வந்தவர் சொன்னது: "அந்த ஸ்டாஃப் இப்போ எங்ககிட்ட இல்லை." சரி, பணம்? "நீங்க யார்கிட்ட கொடுத்தீங்களோ அவங்ககிட்டதான் கேக்கணும்." உங்கள் மேஜையில் வைத்து, உங்கள் மெஷினில் எண்ணி, உங்கள் சீல் குத்திய ரசீது இது என்றேன். ரசீதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்க சீல் மாதிரிதான் இருக்கு, ஆனா எங்க சீல் இல்லை" என்றார். பிறகு என் பையனைப் பார்த்து, "ஜூஸ் குடிக்கிறியா கண்ணா?" 37,200 திர்ஹத்துக்கு ஒரு டப்பா மாம்பழ ஜூஸ்.

அடுத்த முறை போனபோது கொஞ்சம் இறங்கி வந்தார்கள். 5,000 தருகிறோம், மனிதாபிமானத்தில் தருகிறோம், இந்தப் பேப்பரில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். பேப்பர் முழுக்க அரபி. இவர் அதைப் போனில் படம் எடுத்து ஆபீஸில் கூட வேலை பார்க்கும் எகிப்துக்காரருக்கு அனுப்பினார். "முழுப் பணத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று இருக்கிறதாம். கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தோம். வெளியே லிஃப்ட் பக்கத்தில் ஒரு மலையாளிக் குடும்பம், கைக்குழந்தையோடு, அதே நிறத்து ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்கப்புறம் போனபோது கதவு பூட்டியிருந்தது. பக்கத்து டைப்பிங் சென்டர்க்காரர், "ஷிஃப்ட் பண்ணிட்டாங்க" என்றார். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

ஊரில் ஒரு பெரியம்மா போன் பண்ணி, "படிச்ச புள்ளைங்கதானே, பாத்துக் குடுக்கக்கூடாதா?" என்று கேட்டார். திருடினவனை யாரும் எதுவும் கேட்பதில்லை, பறிகொடுத்தவளுக்குத்தான் பாடம்.

போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். சட்டம் எங்கள் பக்கம்தான். 2007-ஆம் ஆண்டின் 26-ஆம் எண் வாடகைச் சட்டத்தில், ஓனரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விட்டால் இரண்டு பேரையுமே காலி செய்ய வைக்கலாம், ஆனால் உள்வாடகைக்காரர் தனக்கு விட்டவனிடம் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று 25-ஆவது பிரிவு சொல்கிறது. கேட்கலாம். ஆள் வேண்டுமே! வாடகை தகராறு மையத்துக்குப் போனால் வருஷ வாடகையில் 3.5 சதவீதம் கட்டணம். எங்கள் 62,000-க்குக் கணக்குப் போட்டால் 2,170. அதோடு எல்லா ஆவணமும் அரபியில், சட்ட மொழிபெயர்ப்பாளர் சீலோடு வேண்டும், அதற்குத் தனிச் செலவு. இஜாரியையும் கேட்பார்கள். இஜாரி கொடுக்காததுதானே புகாரே! 37,200 போனது போதாதென்று அதைத் தேடிப் போக இன்னும் காசு.

இப்போது தெரிந்தவர் வீட்டு ஹாலில் இருக்கிறோம். கட்டிலை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், உட்கார்ந்தால் அவன் முகம்தான் வருகிறது. அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தால் செக்காகக் கொடுங்கள், அதுவும் டைட்டில் டீடில் இருக்கும் ஓனர் பேருக்கு. கம்பெனி பேருக்கோ புரோக்கர் பேருக்கோ வாடகை கொடுக்காதீர்கள். செக் புக் இல்லை என்றால் வரும்வரை ஹோட்டல் அபார்ட்மெண்டில் கிடங்கள், செலவு ஆனாலும் 37,200 ஆகாது. துபாய் ரெஸ்ட் என்று நிலத்துறையின் ஆப் இருக்கிறது, புரோக்கரின் பதிவு எண்ணான பி.ஆர்.என். நம்பர், விளம்பரத்தின் பெர்மிட் நம்பர், டைட்டில் டீடு மூன்றையும் அதில் போட்டுப் பாருங்கள், காட்டத் தயங்கினால் அங்கேயே எழுந்துவிடுங்கள். அரபிப் பேப்பரில் கையெழுத்து கூடவே கூடாது. நாத்தூரிடம் போய் இந்த ஃப்ளாட் யார் பேரில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று. அந்த ஃப்ளாட்டின் படம் இன்று காலை வேறு நம்பரோடு மறுபடி விளம்பரத்தில் வந்திருக்கிறது. ஒரு பெட்ரூம், அல் நஹ்தா, பால்கனியில் நீலக் கம்பி, 60,000, "செக் தேவையில்லை, ஃபேமிலிக்கு மட்டும்." யாராவது போன் பண்ணி, "அண்ணே, தமிழ்லயே பேசுங்க" என்று பதில் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். நம்பரை மட்டும் எனக்கு அனுப்புங்கள், போலீஸில் கொடுக்க வேண்டும்.