'நன்றாக வேலை செய்கிறது' என்று வந்த எக்ஸ்டென்ஷன் ட்யூப்

பழைய கேனன் எஃப்டி மவுண்ட் கேமராவில் மேக்ரோ, அதாவது சின்னப் பொருள்களை மிக நெருங்கிப் படம், எடுப்பவர்கள் யாராவது எக்ஸ்டென்ஷன் ட்யூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்) தேடிக்கொண்டிருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். உள்ளே உடைந்த லிவரைப் பசை வைத்து ஒட்டி, 'ஃபிலிம் போட்டுச் சோதித்தது, நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதி ஓர் ஆள் என் தலையில் கட்டிவிட்டார்.

என்னிடம் இருப்பது கேனன் ஏஇ-1 ஃபிலிம் கேமரா, கூடவே நியூ எஃப்டி 50 மி.மீ. எஃப்/3.5 மேக்ரோ லென்ஸ். இந்த லென்ஸ் தனியாக 1:2 வரைதான் போகும், அதாவது பொருள் ஃபிலிமில் பாதி அளவில் விழும். முழு அளவில், 1:1 வேண்டுமென்றால் நடுவே 25 மி.மீ. ட்யூப் போட வேண்டும். கூட்டுகிற நீளத்தை ஃபோகல் லெங்தால் வகுத்தால் எவ்வளவு உருப்பெருக்கம் கூடும் என்று தெரிந்துவிடும். 25-ஐ 50-ஆல் வகுத்தால் அரை, லென்ஸின் சொந்த அரையோடு சேர்த்து ஒன்று. இதற்கென்றே கேனன் எஃப்டி 25 என்று ஒரு ட்யூப் செய்து விற்றது. நான் வாங்கியதும் அதுதான். ட்யூபுக்குள் கண்ணாடி கிடையாது, வெறும் காற்று, அதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். சுவரோரம் ஒட்டினாற்போல் இருக்கும் லிவர்கள் இருக்கின்றனவே, அவைதான் கெட்டுப்போகும்.

எஃப்டி லென்ஸில் நீங்கள் எஃப்/11 வைத்தாலும் (எஃப் எண் கூடக்கூட வெளிச்சம் நுழையும் ஓட்டை, அதாவது அப்பர்ச்சர், சிறிதாகும்) அந்த ஓட்டையைச் சுருக்கும் பிளேடுகள் முழுதாகத் திறந்தேதான் இருக்கும். ஷட்டர் அடிக்கிற அந்தக் கணத்தில் கேமரா பாடியிலிருக்கும் லிவர் லென்ஸின் லிவரைத் தள்ளி, எஃப்/11 வரைக்கும் மூடவைக்கும். முடிந்ததும் மறுபடி திறந்துகொள்ளும். நடுவில் ட்யூப் வந்தால் இந்தத் தள்ளலை அதுதான் கடத்த வேண்டும். கடத்தாவிட்டால் வியூஃபைண்டரில் ஒரு மாற்றமும் தெரியாது. அதே வெளிச்சம், அதே ஷட்டர் சத்தம், மீட்டர் ஊசியும் வழக்கம்போல ஆடும். டிஜிட்டல் என்றால் முதல் படத்திலேயே குட்டு உடைந்திருக்கும். ஃபிலிமில் ரோல் முடிந்து, லேபுக்குப் போய், திரும்பி வர வேண்டும். அதற்குள் விற்பனைத் தளம் பொருளைத் திருப்பி அனுப்பக் கொடுத்த கெடு ஓடிவிட்டது. இப்படி விற்பவர்களுக்கு இந்த இடைவெளிதான் வசதி.

ஒரு பழைய கைக்கடிகாரத்தின் உள்பாகங்களைத்தான் எடுத்திருந்தேன். 1:1-இல் எஃப்/11 வைத்தால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழம் கூர்மையாகக் கிடைக்கும். ஒரு பற்சக்கரமும் அதன் கீழிருக்கும் திருகும் சேர்ந்து தெரிய அது போதும். வந்த படங்களில் அரை மில்லிமீட்டர்கூடத் தெளிவாக இல்லை. சக்கரத்தின் இரண்டு பற்கள் மட்டும் கூர்மை, மற்றதெல்லாம் பால் கலந்த மாதிரி. நெகட்டிவைத் தூக்கிப் பார்த்தால் கன்னங்கரேல் என்று அடர்த்தி, அதாவது அளவுக்கு மேல் வெளிச்சம் விழுந்து படம் வெளுத்துவிட்டது. எஃப்/11-க்கும் எஃப்/3.5-க்கும் மூன்று ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது). நெகட்டிவ் ஃபிலிம் என்பதால் ஏதோ உருவமாவது வந்தது, ஸ்லைடாக இருந்தால் எல்லாம் வெளிறிப் போயிருக்கும். அதே ரோலில் ட்யூப் இல்லாமல் எடுத்த படங்கள் அத்தனையும் சுத்தமாக இருந்தன. ஆகவே லேபையும் குறை சொல்ல முடியாது, லென்ஸையும் குறை சொல்ல முடியாது.

விற்றவருக்கு எழுதினேன். வந்த பதிலைப் பாருங்கள்: "1:1-இல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும், நீங்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை." விஷயம் தெரிந்தவர் மாதிரி பேசுகிறார், அவ்வளவுதான். இரண்டு ஸ்டாப் குறையும் என்பது உண்மை. ஆனால் அந்தக் குறை படத்தை இருட்டாக்கும், என் படமோ வெளுத்துக் கிடக்கிறது. தவிர, ஏஇ-1 லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தைத்தான் அளக்கிறது, கையில் பிடிக்கும் தனி மீட்டருக்குத்தான் அந்தக் கணக்கு வேண்டும். இதை எழுதி அனுப்பியதும் பேச்சு மாறியது. லென்ஸ் பிளேடில் எண்ணெய் இருக்குமாம். அப்புறம், விண்டேஜ் பொருள், திருப்பி எடுப்பதில்லையாம். அதற்கப்புறம் பதிலே இல்லை.

கேமரா ரிப்பேர் பார்ப்பவரிடம் ட்யூபைக் கொண்டுபோனேன். அவர் டார்ச் அடித்து, பாடி பக்கத்து லிவரைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நகர்த்தினார். மறுமுனை அசையவில்லை. லென்ஸ் பக்கத்து நாக்கு அடியோடு முறிந்து, சுவரோடு ஒட்டப்பட்டிருந்தது. மேலே கறுப்பு மை வேறு பூசியிருந்தார்கள். ஃபோட்டோவில் பார்த்தால் எல்லா உறுப்பும் இருக்கிற மாதிரிதான் தெரியும். தெரியாமல் விற்றேன் என்று யாரும் சொல்ல முடியாத வேலை அது.

வாங்குபவர்கள் விற்பவரிடம் ஃபோட்டோ கேட்காதீர்கள், வீடியோ கேளுங்கள். ட்யூபைக் கையில் பிடித்து ஒரு பக்க லிவரை நகர்த்தும்போது மறுபக்கமும் கூடவே நகர வேண்டும். நகர்ந்தால் போதாது, விட்டவுடன் சட்டென்று திரும்பவும் வேண்டும். 'ஆட்டோ' (பிளேடுகளைத் தானாக மூடவைக்கும் வகை) என்று விளம்பரத் தலைப்பில் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். லிவரே இல்லாத எம் வகை ட்யூப்களையும் கேனன் விற்றது, அவையும் சில சமயம் அந்தப் பெயரில் வருகின்றன.

பொருள் கைக்கு வந்த அன்றே, ஃபிலிம் போடுவதற்கு முன், இதைச் செய்துவிடுங்கள்: ட்யூபையும் லென்ஸையும் மாட்டி, அப்பர்ச்சரை எஃப்/16-இல் வைத்து, ஷட்டரை ஒரு விநாடிக்கு வையுங்கள். கேமராவின் பின்கதவைத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்து அடியுங்கள். அந்த ஒரு விநாடி நடுவில் சின்னப் பொட்டு போல ஓட்டை தெரிந்தால் சரி. பெரிய வட்டமாகத் தெரிந்தால் அந்தக் காட்சியை ஃபோனில் பதிவு செய்து, கெடு முடிவதற்குள் புகார் போடுங்கள். என்னிடம் அந்த வீடியோ இருக்கிறது, கெடுதான் இல்லை.