டயல் வைத்த ரைடிங் ஹெல்மெட்: 2 வருடம் கழித்து

குதிரையேற்றம் கற்கும் மகளின் பிறந்தநாளுக்கு ரைடிங் ஹெல்மெட் வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன், எந்த சைஸ் எடுப்பது என்று நண்பர் கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் 2 வருடமாக ஓடிக்கொண்டிருப்பது பின்பக்கம் டயல் வைத்த சிறுவர் ஹெல்மெட். உள்ளே தலைச் சுற்றளவு 52–55 செ.மீ. என்று போட்டிருக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எடை குறைவு. உள் மெத்தை வெல்க்ரோவில் ஒட்டியிருப்பதால் பிரித்து எடுத்து சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் போட்டால் மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடும். சென்னை வியர்வைக்கு இது பெரிய விஷயம். மோவாய் வாரின் பக்கிளுக்கு அடியில் துணிப்பட்டை இருப்பதால் கழுத்துத் தோலைக் கிள்ளாது. இதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை.

கோபமெல்லாம் அந்த டயல் மேல்தான். அதைத் திருகினால் இறுகுவது பின்மண்டையைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பட்டை மட்டும். வெளி ஓடும் உள்ளே இருக்கும் தெர்மோகோலும் அப்படியேதான் இருக்கும். 52 செ.மீ. தலைக்கு இதைப் போட்டு டயலைக் கடைசிவரை திருகினால் கடையில் கச்சிதமாக நிற்கும். ஆனால் நெற்றிப்பொட்டுப் பக்கம் ஒரு பென்சில் நுழையும் இடைவெளி இருக்கும். குதிரை ட்ராட் என்ற குலுங்கும் ஓட்டத்துக்குப் போனதும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் முன்விளிம்பு புருவத்துக்கு இறங்கும். முன்னால் பார்க்கப் பிள்ளை மோவாயைத் தூக்கும். இடுப்பு முன்னால் வளையும், குதிகால் மேலே ஏறும். பயிற்சியாளர் பிள்ளையைத் திருத்திக்கொண்டே இருப்பார். தப்பு ஹெல்மெட்டில் இருக்கும். போகப்போக டயலின் பற்களும் தேய்கின்றன. ஒரு மணி நேர வகுப்பில் டிக் டிக்கென்று தானாகத் தளர்ந்து, இப்போதெல்லாம் 3 தடவை இறுக்க வேண்டியிருக்கிறது.

பள்ளி ஷூ வாங்குகிற கணக்கில் "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா எடு" என்பார்கள். தலை காலைப் போல வளராது. 6 வயதுக்குள் தலை பெரும்பாலும் வளர்ந்து முடிந்திருக்கும். அதன்பின் வருடத்துக்கு அரை செ.மீ. கூடினாலே அதிகம். இன்றைய தலைக்குத்தான் வாங்க வேண்டும்.

அளப்பதற்குத் தையல்காரரின் இஞ்சி டேப் போதும். புருவத்துக்கு ஒரு விரல்கடை மேலே, காதுக்குச் சற்று மேலே, பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தின் மேல் சுற்ற வேண்டும். 3 முறை அளந்து பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் சைஸில் 53 செ.மீ. என்பது 6½, 54 என்பது 6⅝, 55 என்பது 6¾. குதிரையேறும்போது எப்படிச் சடை போடுவார்களோ அப்படியே போட்டு அளக்க வேண்டும். கழுத்தடியில் பின்னிய சடைதான் சரி. உச்சிக் குடுமியும் கொண்டையும் ஹெல்மெட்டை முன்னால் தள்ளும். கிளிப், ஹேர்பேண்ட், பூ எதுவும் கூடாது. வகுப்பு நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். வழுக்கும்.

அளவு சரியாக இருந்தும் பொருந்தாமல் போகும், ஏனென்றால் தலைக்கு வடிவமும் உண்டு. கால் மணி நேரம் போட வைத்துக் கழற்றிப் பாருங்கள். நெற்றி முழுக்க ஒரே சீராக லேசான தடம் இருந்தால் நல்லது. நெற்றி நடுவில் மட்டும் சிவந்து, பக்கவாட்டில் இடைவெளி இருந்தால் நீள்தலைக்கு உருண்டை ஹெல்மெட் போட்டிருக்கிறீர்கள். நெற்றிப்பொட்டுகளில் அழுத்தி, முன்னும் பின்னும் இடைவெளி விட்டால் அதற்கு நேர்மாறு. இந்த இரண்டையும் எந்த டயலும் சரிசெய்யாது, வேறு மாடல்தான் பார்க்க வேண்டும்.

வாரை மாட்டாமல், டயலை முழுக்கத் தளர்த்திவிட்டுத் தலையைக் குனிந்து மெதுவாக ஆட்டச் சொல்லுங்கள். நழுவாமல் நிற்க வேண்டும். முன்விளிம்பைப் பிடித்து அசைத்தால் புருவத் தோலும் கூடவே அசைய வேண்டும். மிப்ஸ் உள்ள ஹெல்மெட்டில் உள்அடுக்கு ஒரு செ.மீ. அளவு தனியே நகரும்; அது தளர்வு இல்லை, மண்டை சுழலும் அதிர்ச்சியைக் குறைக்க வைத்த ஏற்பாடு. 2007-இல் அது முதன்முதலில் விற்பனைக்கு வந்ததே குதிரையேற்ற ஹெல்மெட்டில்தான். கடைசியாக வாரை மாட்டி வாயை அகலத் திறக்கச் சொன்னால் ஹெல்மெட் கீழே இழுபட வேண்டும்.

சைக்கிள் ஹெல்மெட்டோ, ஐஎஸ்ஐ முத்திரை போட்ட பைக் ஹெல்மெட்டோ இதற்கு ஆகாது. சைக்கிள் ஹெல்மெட் பின்மண்டையைப் போதுமான அளவு மூடாது, குளம்பு மிதியை மனதில் வைத்துச் செய்ததும் இல்லை. உள்ளே ஒட்டிய லேபிளில் குதிரையேற்ற ஹெல்மெட்டுக்கான பாதுகாப்புத் தரங்களான பிஏஎஸ் 015, விஜி1 01.040 2014-12, ஏஎஸ்டிஎம் எஃப்1163 இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் இஎன் 1384 என்ற ஐரோப்பியத் தரம் மட்டும் போட்ட பழைய ஹெல்மெட்டுகளை பிரிட்டனின் சிறுவர் குதிரையேற்ற அமைப்பான போனி கிளப் 2016 முதல் ஏற்பதில்லை. யாராவது பிள்ளை போட்டுப் பழசானது என்று கொடுத்தால் வாங்காதீர்கள். தெர்மோகோல் ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான், வெளியே கீறல்கூடத் தெரியாது. அதனால்தான் தலை அடிபட விழுந்தால் அன்றே மாற்ற வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் வைப்பதும் கூடாது.

ஹெல்மெட் நல்ல ஹெல்மெட். ஆனால் அடுத்தது இது இல்லை. ஒவ்வொரு செ.மீ.க்கும் தனி சைஸ் வரும், டயல் இல்லாத மாடலைத்தான் எடுக்கப்போகிறேன், மெத்தையைக் கழற்றித் துவைக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. நண்பருக்கு: பிறந்தநாளன்று டப்பாவில் ரைடிங் கையுறையை வைத்துக் கொடுங்கள், ஹெல்மெட்டுக்குப் பிள்ளையைக் கடைக்கே கூட்டிப் போங்கள். ஆன்லைனில்தான் வாங்க முடியும் என்றால் அடுத்தடுத்த 2 சைஸ் வரவழையுங்கள். வீட்டில் கால் மணி நேரம் போட்டுப் பார்க்கும்வரை டேகைக் கிழிக்க வேண்டாம்.