துவாஸில் ஒரு பாதுகாப்பு வால்வுப் பட்டறை: சேவை மதிப்புரை

ஆலைகளில் பராமரிப்புப் பணியைத் திட்டமிடுவோருக்கும், கொதிகலனோ காற்றழுத்தக் கலனோ வைத்திருக்கும் உணவுத் தொழிற்கூடம், சலவைக்கூடம் போன்ற சிறு நிறுவனங்களுக்கும் பயன்படட்டும் என்று, சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் இயங்கும் ஒரு வால்வுப் பழுதுபார்ப்புப் பட்டறையின் சேவையைப் பற்றி எழுதுகிறேன். பெரிய ஆலைகளுடனான ஒப்பந்தங்களில் இரகசிய நிபந்தனைகள் இருப்பதால், பெயரை வெளியிட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். ஆயினும் அங்கே நான் கண்ட நடைமுறைகளை வேறு எந்தப் பட்டறையிடமும் நீங்கள் வற்புறுத்திக் கேட்கலாம்.

ஏழு தீவுகளை மண் நிரப்பி இணைத்து உருவாக்கிய ஜூரோங் தீவு 2000ஆம் ஆண்டில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. இன்று அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட எண்ணெய், வேதிப்பொருள் நிறுவனங்கள் உள்ளன. ஒரு பெரிய ஆலை ஷட்டவுனுக்காக, அதாவது முழுப் பராமரிப்புக்காக, நிறுத்தப்படும்போது, அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறந்து அதைத் தணிக்கும் பாதுகாப்பு வால்வுகள் கழற்றப்பட்டு முதன்மைக் குத்தகையாளரிடம் போகின்றன. அவரிடமிருந்து துணைக் குத்தகையாளருக்கும், அங்கிருந்து சில வேளைகளில் இன்னொருவருக்கும் கைமாறி, கடைசியில் பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இத்தகைய பட்டறைக்கு வந்து சேர்கின்றன. கலன் வெடிக்காமல் காக்கும் வேலை உண்மையில் நடக்கும் இடம் இதுதான்.

இந்தப் பட்டறையை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம், வந்த வால்வை வந்த நிலையிலேயே சோதிக்கும் 'ஆஸ் ஃபவுண்ட்' சோதனையில் அவர்கள் காட்டும் நேர்மை. வால்வைப் பிரிப்பதற்கும் சுத்தம் செய்வதற்கும் முன்பாகவே அதை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, நைட்ரஜன் அழுத்தத்தை மெல்ல உயர்த்தி, எந்த அழுத்தத்தில் அது திறக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். 10 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) திறக்க வேண்டிய வால்வு, அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இயின் தரத்தின்படி 3 விழுக்காட்டுக்கு மேல் பிசகக் கூடாது, அதாவது 9.7 பாருக்கும் 10.3 பாருக்கும் இடையில் திறந்தாக வேண்டும். ஆனால் ஆலையில் சில ஆண்டுகள் இருந்த வால்வு துருவாலோ படிவாலோ ஒட்டிக்கொண்டு, 12 பார் வந்தும் அசையாமல் நிற்கலாம். அந்த எண் ஆலைக்குச் சங்கடமானது. ஆயினும் ஆலை தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் அதைவிட முக்கியமானது வேறில்லை. அந்த வால்வின் அடுத்த சோதனையை முன்கூட்டியே வைக்க வேண்டும் என்றும், அந்த இடத்துக்கு வேறு உலோகம் தேவைப்படலாம் என்றும் சொல்வது அந்த எண்தான். முதலில் கழுவித் துடைத்துவிட்டுப் பிறகு சோதித்தால் அந்தச் சான்று அழிந்துபோகும். அவசரத்தில் அப்படிச் செய்யும் பட்டறைகள் உண்டு. இங்கே அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது காரணம் கைத்திறன். வால்வின் உள்வாயான நாசிலின் முகமும் அதன்மீது மூடியாக அமரும் டிஸ்க்கின் முகமும் எள்ளளவும் மேடுபள்ளமின்றி ஒன்றோடொன்று பொருந்தினால்தான் கசிவு நிற்கும். அதற்காக வார்ப்பிரும்புத் தட்டில் தேய்ப்புத் துகள் கலந்த பசை தடவி, டிஸ்க்கை எட்டு வடிவில் கையால் தேய்க்கும் லேப்பிங் வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து ஒர்க் பெர்மிட்டில் வந்த ஊழியர்கள். தேய்த்த முகத்தின்மேல் கண்ணாடி வில்லையை வைத்து ஒற்றைநிற விளக்கின் கீழே பார்த்தால் இருண்ட பட்டைகள் தெரியும்; அவை நேராக இருந்தால் முகம் தட்டையாக இருக்கிறது என்று பொருள். ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 0.3 மைக்ரான்தான்.

"பட்டை நேரா வந்துச்சாப்பா?" என்று மூத்தவர் கேட்டார்.

"ஓரத்துல வளையுதுண்ணே."

"அப்ப இன்னும் கொஞ்சம் தேய்."

இந்தக் கவனத்தின் பலன் கசிவுச் சோதனையில் தெரியும். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவகத்தின் ஏபிஐ 527 தரத்தின்படி, திறக்கும் அழுத்தத்தில் 90 விழுக்காட்டில் வால்வை நிறுத்தி, வெளிவாயிலிருந்து நீருக்குள் செல்லும் குழாயில் எழும் குமிழிகளை எண்ண வேண்டும். உலோக முகம் கொண்ட பெரிய துளை வால்வுக்கு, 1,000 பிஎஸ்ஐ (ஏறத்தாழ 69 பார்) வரையிலான அழுத்தத்தில், நிமிடத்துக்கு 20 குமிழிகள் வரை அனுமதி உண்டு. இங்கிருந்து திரும்பிய எங்கள் வால்வுகளில் பலவற்றில் குமிழியே எழவில்லை.

வேலைத் தாளில் லேப்பிங் செய்தவரின் பெயர்ச்சுருக்கமும் சோதித்தவரின் கையொப்பமும் தனித்தனியே இருக்கின்றன. ஆனால் முதன்மைக் குத்தகையாளர் அந்தத் தாளைத் தம் நிறுவனத் தலைப்பில் மறுபடி தட்டச்சு செய்து ஆலைக்குக் கொடுக்கும்போது, முதலில் காணாமற்போவது ஊழியரின் பெயர். சில வேளைகளில் 'ஆஸ் ஃபவுண்ட்' கட்டமும் கூடவே போய்விடுகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் வழக்கம். செய்தவரின் அடையாளத்தை அழித்துவிட்ட பிறகு, அவருடைய திறமைக்குக் கூடுதல் ஊதியம் கேட்க யாரிடமும் ஆதாரம் இராது. வால்வு பழுதானால் எதைத் திருத்துவது என்பதும் தெரியாது. ஆகவே பணி ஆணையிலேயே 'பட்டறையின் மூலத் தாள் இணைக்கப்பட வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

ஊழியரின் பாதுகாப்பிலும் உரிமையாளர் உறுதியாக இருக்கிறார். வால்வில் எந்தப் பொருள் ஓடியது, நச்சு நீக்கப்பட்டதா என்ற தாள் இல்லாமல் வரும் வால்வை லாரியிலிருந்து இறக்கவே விடமாட்டார். ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்றவை ஓடிய வால்வைக் கழுவாமல் தொடுவது உயிருக்கே ஆபத்து என்பதால், அத்தகைய வால்வுக்கு வந்த நிலைச் சோதனை செய்யப்படவில்லை என்று காரணத்தோடு எழுதிக் கொடுக்கிறார்.

குறைகளும் உண்டு. ஷட்டவுன்கள் அடுத்தடுத்து வரும் மாதங்களில் சிறு வாடிக்கையாளரின் ஒற்றை வால்வு பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அசல் ஸ்பிரிங் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தால் வாரக்கணக்கில் தாமதமாகிறது. அதைத் தாங்களாக முன்வந்து தெரிவிப்பதில்லை, நாம்தான் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கட்டணம் சந்தையின் மிகக் குறைந்த விலையைவிடச் சற்று அதிகம். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வெளிநாட்டு ஊழியருக்கும் மாதந்தோறும் அரசுக்குத் தீர்வை, மலேசியர் அல்லாதவருக்கு 5,000 சிங்கப்பூர் வெள்ளிப் பிணை உத்தரவாதம், தங்குமிடம், மருத்துவக் காப்புறுதி என்று பட்டறை சுமக்கும் செலவுகள் ஒருநாளும் நிற்பதில்லை. ஆனால் மேலிருந்து வர வேண்டிய பணம் மூன்று மாதம் கழித்து வருவதும் வழக்கமாக இருக்கிறது. இந்த நிலையில் விலையை இன்னும் குறைக்கச் சொன்னால், குறையப்போவது லேப்பிங் தட்டில் செலவிடும் நேரம்தான். நேரடியாக அனுப்பும் சிறு வாடிக்கையாளர்கள் 30 நாள்களுக்குள் பணம் செலுத்தினால், அடுத்த முறை தம் வேலைக்கு முன்னுரிமை கேட்பதும் எளிதாகும்.

அனுப்பும்போது வால்வின் இரு வாய்களையும் மூடி, நிமிர்ந்த நிலையில் பலகையில் இறுகக் கட்டி அனுப்புங்கள். படுக்க வைத்து லாரியில் குலுங்கி வந்த வால்வு உள்ளே இடம் பிசகியிருக்கலாம். பிறகு பட்டறை எவ்வளவு நேர்மையாகச் சோதித்தாலும், கிடைக்கும் எண் ஆலையின் நிலையைச் சொல்கிறதா பயணத்தின் சேதத்தைச் சொல்கிறதா என்று பிரித்தறிய வழியிராது.