அரசு ஒப்பந்தத்துக்கான கணக்குமுறை அமைப்புச் சேவை: ஏழு பேர் நிறுவனம் ஒன்றின் மதிப்புரை

சிறு நிறுவனங்களின் புத்தாக்க ஆய்வுக்கு நிதி தரும், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் எஸ்பிஐஆர் திட்டத்தில் முதற்கட்டப் பணியை முடித்து இரண்டாம் கட்ட ஒப்பந்தத்துக்குத் தேர்வான எங்கள் பொறியியல் நிறுவனத்துக்கு, ஓர் ஆலோசனை நிறுவனம் மூன்று மாதங்களில் கணக்குமுறையை அமைத்துக் கொடுத்தது. அந்தச் சேவையில் எது உதவியது, எது உதவவில்லை என்பதை, இதே நிலையில் இருக்கும் மற்ற சிறு நிறுவனத்தாருக்காக எழுதுகிறேன். நான் கண்ட குறைகள் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவையாகத் தோன்றாததால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதற்கட்டம் நிலையான விலை ஒப்பந்தமாக இருந்ததால், வேலையை முடித்து அறிக்கையைக் கொடுத்ததும் பணம் வந்துவிட்டது. எங்கள் செலவுக் கணக்கை யாரும் கேட்கவில்லை. இரண்டாம் கட்டமோ, ஆன செலவைத் திருப்பித் தந்து அதன்மேல் ஒரு நிலையான கட்டணத்தைச் சேர்க்கும் செலவீட்டு ஒப்பந்தம். செலவுகளை ஒப்பந்தவாரியாகக் கணக்கிடப் போதுமான கணக்குமுறை இல்லாத நிறுவனத்துக்கு அத்தகைய ஒப்பந்தத்தை வழங்கக் கூடாது என்று கூட்டாட்சிக் கொள்முதல் விதிகளான எஃப்ஏஆரின் 16.301-3 பிரிவு சொல்கிறது. அதைச் சோதித்துப் பரிந்துரை செய்யும் பணி, 1965இல் தொடங்கப்பட்ட பாதுகாப்பு ஒப்பந்தத் தணிக்கை முகமையான டிசிஏஏவுடையது. சோதனைக்கு அடிப்படை எஸ்எஃப் 1408 என்ற படிவம். அளவில் சிறிய படிவம்தான். ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு கேள்விக்கும் 'ஆம்' என்று சொல்ல, நாங்கள் அதுவரை நடத்திவந்த கணக்கைத் தலைகீழாக மாற்ற வேண்டியிருந்தது.

ஆலோசகர்கள் செய்த முதல் நல்ல காரியம், எங்களைப் புதிய மென்பொருள் வாங்க வைக்காதது. டெல்டெக் காஸ்ட்பாயின்ட் போன்ற பெரிய மென்பொருள்கள் இந்தத் துறைக்கென்றே உருவானவை என்றாலும், ஒரே ஒரு செலவீட்டு ஒப்பந்தம் உள்ள ஏழு பேர் நிறுவனத்துக்கு அவற்றின் சந்தாவும் பராமரிப்பும் பெருஞ்சுமையாகும். ஏற்கெனவே பயன்படுத்திவந்த குவிக்புக்ஸ் என்ற பொதுவான கணக்கு மென்பொருளிலேயே ஒவ்வோர் ஒப்பந்தத்தையும் தனிப் பணியாகப் பதிந்து, மறைமுகச் செலவு விகிதங்களை மட்டும் எக்செல் தாளில் கணக்கிடும்படி அமைத்தார்கள். ஆனால் அவர்களுடைய விளம்பரத்தில் 'டிசிஏஏ அங்கீகாரம் பெற்ற கணக்குமுறை' என்ற சொற்கள் இருந்தன என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். டிசிஏஏ எந்த மென்பொருளுக்கும் அங்கீகாரம் தருவதில்லை. ஒரு குறிப்பிட்ட நிறுவனம் தன் மென்பொருளையும் நடைமுறையையும் சேர்த்து எப்படி இயக்குகிறது என்பதையே அது பார்க்கிறது. அங்கீகாரத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம் என்று நம்பி வரும் சிறு நிறுவனத்தாரை அந்தச் சொற்கள் தவறான திசையில் அனுப்பிவிடும்.

கணக்குத் தலைப்புகளை மாற்றியமைக்க மூன்று வாரங்கள் ஆயின. ஓர் ஒப்பந்தத்துக்கென்றே ஆகும் சம்பளம், பொருள், பயணம் ஆகியவை நேரடிச் செலவுகள். மறைமுகச் செலவுகளான மற்றவற்றை மூன்று தொகுப்புகளாகப் பிரித்தார்கள். விடுமுறை ஊதியம், மருத்துவக் காப்பீடு போன்றவை பணியாளர் சலுகைத் தொகுப்பிலும், ஆய்வகத்தை நடத்தும் செலவு மேற்செலவுத் தொகுப்பிலும், கணக்காளர் கட்டணம், புதிய திட்ட முன்மொழிவு எழுதும் செலவு போன்றவை பொது நிர்வாகத் தொகுப்பிலும் சேர்ந்தன. எந்தத் தொகுப்பை எந்த அடிப்படையில் ஒப்பந்தங்களுக்குப் பங்கிடுவது என்பதை ஒரு முறை முடிவு செய்தபின், ஆதாயத்துக்காக அதை நடுவில் மாற்றக் கூடாது. செலவுக் கணக்கியல் தரநிலைகளான சிஏஎஸ் நமக்கும் பொருந்துமோ என்று நான் அஞ்சியிருந்தேன். சிறு நிறுவனங்களுக்கு அவற்றிலிருந்து விலக்கு உண்டு என்பதை முதல் கூட்டத்திலேயே தெளிவாக்கிவிட்டார்கள்.

அனுமதியற்ற செலவுகளுக்கு அவர்கள் தனி எண்வரிசையில் கணக்குகள் திறந்தது, இந்தச் சேவையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி. எஃப்ஏஆர் 31.205 பிரிவு செலவுகளை வகைவகையாக எடுத்து, எதை அரசிடம் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று சொல்கிறது. மது, கேளிக்கை, நன்கொடை, அபராதம், கடனுக்கான வட்டி, வாராக்கடன் ஆகியவற்றைக் கேட்க முடியாது. வரிக் கணக்கில் வட்டியைச் செலவாகக் காட்டிப் பழகிய எங்களுக்கு, அதே வட்டி இங்கே செல்லாது என்பது புதிய பாடமாக இருந்தது. ஒரு பொறியாளர் சான் டியேகோவுக்குப் போய்வந்த பயணச் சீட்டுகளை வைத்தே பயிற்சி தந்தார்கள். விடுதி வாடகையில் அரசு நிர்ணயித்த உச்சவரம்புக்கு உட்பட்ட தொகை ஒப்பந்தத்தின் நேரடிச் செலவுக்கும், வரம்பை மீறிய தொகை அனுமதியற்ற கணக்குக்கும், இரவு உணவுச் சீட்டில் இருந்த ஒரு கோப்பை ஒயினின் விலை மதுவுக்கான கணக்குக்கும் போயின. ஆண்டு முடிவில் உட்கார்ந்து பிரிப்பதைக் காட்டிலும் சீட்டு கைக்கு வந்த அன்றே பிரிப்பது எவ்வளவு எளிது என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் எல்லோரும் புரிந்துகொண்டோம்.

ஆனாலும் முழு அமைப்பும் எதன்மேல் நிற்கிறது என்று கேட்டால், நேரப்பதிவின் மேல் என்றே சொல்வேன். எங்களைப் போன்ற நிறுவனத்தில் பெரும்பாலான செலவு மனித உழைப்புதான். பொருளுக்கு விலைச்சீட்டு இருப்பதுபோல் உழைப்புக்கு வெளியாள் தரும் சீட்டு எதுவும் இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் தம் நேரத்தை அன்றன்றே தாமே பதிய வேண்டும். மேற்பார்வையாளர் ஒப்புதல் தர வேண்டும். திருத்தம் செய்தால் பழைய பதிவு அழியாமல் இருக்க, காரணத்தையும் எழுத வேண்டும். தணிக்கையாளர்கள் முன்னறிவிப்பின்றி வந்து, யார் எந்த வேலையில் இருக்கிறார், அவர் பதிவு அதோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதும் உண்டு. அதை இந்தத் துறையில் ஃப்ளோர் செக் என்பார்கள்.

மாதச் சம்பளக்காரர்கள் நாற்பது மணி நேரத்துக்கு மேல் உழைக்கும்போது அதையும் ஏன் பதிய வேண்டும் என்று எங்கள் மூத்த பொறியாளர் கேட்டார். அதற்கு ஆலோசகர் வெள்ளைப் பலகையில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே தருகிறேன். வாரம் 2,000 டாலர் பெறும் ஒருவர், ஒப்பந்த வேலைக்கு 30 மணி நேரமும் நிறுவனத்தின் சொந்த வேலைக்கு 20 மணி நேரமும் உழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 மணி நேரத்தில் 30 என்பதால், அரசின் பங்கு 60 விழுக்காடு, அதாவது 1,200 டாலர். அவரோ 40 மணி நேரத்தை மட்டும் பதிந்து அதில் 30ஐ ஒப்பந்தத்தில் எழுதினால், அரசின் பங்கு 75 விழுக்காடாகி 1,500 டாலர் ஆகிவிடும். யாரும் பொய் எழுத நினைக்காமலேயே வாரத்துக்கு 300 டாலர் கூடுதலாகக் கேட்டவர்களாவோம். அடுத்த திட்டத்துக்கான முன்மொழிவை ஒப்பந்த நேரத்தில் எழுதிவிட்டு அதை ஒப்பந்தத்திலேயே பதிவதும் இதே வகைத் தவறுதான். அன்று மாலையிலிருந்து எங்களில் ஒருவரும் நேரப்பதிவைப் பற்றி முணுமுணுக்கவில்லை. நல்ல ஆசிரியர் ஒருவர் அமைந்தால் இந்த விதிகளின் நியாயம் தானே விளங்கும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதினேன்.

குறைகளில் பெரியது, அவர்கள் தந்த நடைமுறைக் கையேடு. அறுபது பக்கங்களுக்கு மேற்பட்ட அந்தக் கையேடு வேறொரு பெரிய நிறுவனத்துக்காக எழுதப்பட்டதில் எங்கள் பெயரை மட்டும் மாற்றி வைத்ததாக இருந்தது. எங்களிடம் இல்லாத கொள்முதல் துறையும் உள்தணிக்கைக் குழுவும் அதில் இடம்பெற்றிருந்தன. எழுதி வைத்ததும் நடப்பதும் வேறுபட்டால், கையேடே நமக்கு எதிரான சான்றாகிவிடும். ஆகவே நானும் எங்கள் அலுவலக மேலாளரும் இரண்டு வார இறுதிகளைச் செலவிட்டு, உண்மையில் யார் என்ன செய்கிறார் என்பதை மட்டும் வைத்துப் பதினான்கு பக்கங்களில் அதைத் திரும்ப எழுதினோம். பணம் கொடுத்து வாங்கிய சேவையில் இந்த வேலை எங்கள் தலையில் விழுந்திருக்கக் கூடாது.

இரண்டாவது குறை வாடகை பற்றியது. நிறுவனம் இயங்கும் கட்டடம் என் குடும்பத்துக்குச் சொந்தமானது. சந்தை நிலவரப்படி மாத வாடகை வாங்கிவந்தோம். ஒரே கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கிடையே வாடகை கொடுத்தால், தேய்மானம், சொத்துவரி, காப்பீடு, பராமரிப்பு போன்ற உரிமையாளர் செலவுக்கு மிகாத தொகையே செல்லும் என்று 31.205-36 பிரிவு சொல்கிறது. அடமானக் கடனின் வட்டி அதில் சேராது. குடும்ப நிறுவனங்களில் இந்த ஏற்பாடு சாதாரணமாக இருக்க, கட்டடம் யாருடையது என்று ஆலோசகர்கள் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. விதிகளைப் படித்துக்கொண்டிருந்தபோது நானே கண்டுபிடித்துக் கேட்டபின்தான் மேற்செலவு விகிதத்தைத் திருத்தினார்கள்.

தணிக்கையாளர் காணொளி வழியாக நடத்திய ஆய்வு இரண்டரை மணி நேரம் நீண்டது. ஒப்பந்தம் வழங்குவதற்கு முந்தைய ஆய்வு அமைப்பின் வடிவத்தைப் பார்ப்பதுதான் என்றாலும், அவர் ஒரு பொறியாளரின் ஒரு வார நேரப்பதிவை எடுத்து, அது சம்பளப் பட்டியலுக்கும், அங்கிருந்து சம்பளத்தை ஒப்பந்தவாரியாகப் பிரிக்கும் உழைப்புப் பங்கீட்டுக்கும், பின்னர் ஒப்பந்தச் செலவு அறிக்கைக்கும், கடைசியில் பொதுப் பேரேட்டுக்கும் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று காட்டச் சொன்னார். ஒவ்வோர் இடத்திலும் எண் பொருந்தியது. இந்தத் தொடர்ச்சியை ஆலோசகர்கள் முந்தைய வாரமே இரு முறை எங்களை நடத்திக்காட்ட வைத்திருந்ததால், நாங்கள் யாரிடமும் கேட்காமல் பதில் சொல்ல முடிந்தது. கையேட்டைப் பற்றி அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் யார் இதைச் செய்கிறார் என்பதைச் சுற்றியே இருந்தன; பழைய கையேட்டோடு போயிருந்தால் நான் தடுமாறியிருப்பேன். கணக்குமுறை ஏற்கப்பட்டு ஒப்பந்தமும் கையெழுத்தானது.

அதன் பிறகான வேலைகளுக்கும் இந்த அமைப்பு தாங்குகிறது. அடுத்த 60 நாட்களில் ஆகப்போகும் செலவையும் சேர்த்து மொத்தம் மதிப்பீட்டின் 75 விழுக்காட்டைத் தாண்டும் என்று தெரிந்தால் ஒப்பந்த அதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு, மாதக் கணக்கு முடித்ததும் எக்செல் தாளே எச்சரிக்கை காட்டுகிறது. நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் இறுதி மறைமுக விகித முன்மொழிவைத் தர வேண்டும். அதற்கான ஐசிஇ எனும் எக்செல் வார்ப்பை டிசிஏஏ இலவசமாகவே கொடுக்கிறது. ஆண்டு நடக்கும்போது பணம் கேட்கப் பயன்படுத்தும் தற்காலிக விகிதத்தில் கூடுதலாகக் கேட்டிருந்தால் அப்போது திருப்பித் தர வேண்டியிருக்கும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை உண்மையான விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

மொத்தக் கட்டணம் எங்கள் இளநிலைப் பொறியாளர் ஒருவரின் ஏறத்தாழ ஒன்றரை மாதச் சம்பளத்துக்குச் சமம். செலவீட்டு ஒப்பந்தம் கைக்கு வரப்போகும் நிறுவனத்துக்கு அது நியாயமான விலை என்று கருதுகிறேன். நிலையான விலை ஒப்பந்தங்கள் மட்டுமே உள்ளவர்கள் இப்போதே இந்தச் செலவில் இறங்கத் தேவையில்லை. பாதுகாப்புத் துறையின் ஆதரவில் மாநிலந்தோறும் இயங்கும் ஏபெக்ஸ் ஆக்ஸிலரேட்டர் மையங்களில் முதலில் கேட்டுப் பார்க்கலாம், அங்கே ஆலோசனை பெரும்பாலும் இலவசம். ஆலோசகரை அமர்த்துபவர்கள், கையேட்டை எங்கள் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து எழுதுவீர்களா என்பதையும், உறவினருக்குக் கொடுக்கும் வாடகை, உரிமையாளரின் சம்பளம் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே ஆராய்வீர்களா என்பதையும் கையெழுத்துக்கு முன் கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

மாதக் கணக்கு முடிப்பை அவர்களிடம் கொடுத்திருந்த ஏற்பாட்டை நான்காம் மாதத்தோடு நிறுத்திவிட்டோம். எங்கள் அலுவலக மேலாளரே இப்போது அதை இரண்டு நாளில் முடிக்கிறார். ஆண்டு முன்மொழிவைச் சரிபார்க்க மட்டும் அவர்களை மறுபடி அமர்த்தியிருக்கிறோம்.