மீன் அட்டை: குடும்பம் வரை சரி, அதற்கு மேல் நம் பாடு

பவளப்பாறை மீன்களை அடையாளம் காண, மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் அட்டை ஒன்று வாங்கி ஐந்தாறு தடவை கடலில் இறங்கிப் பார்த்துவிட்டேன். அட்டை கெட்டியானது, உப்புத்தண்ணீரில் சாயம் போகவில்லை, கயிறுதான் நீளம், ஸ்நார்க்கெல் குழாயில் போய்ச் சிக்குகிறது. மீன்களைக் குடும்பவாரியாகப் பிரித்திருப்பது ரொம்ப உதவி.

கோளாறு எங்கே என்றால், அத்தனையும் வளர்ந்த மீனின் படங்கள். பாறை இடுக்கில் கருநீல உடம்பில் வெள்ளை வளையங்களோடு விரல் நீளத்துக்கு ஒரு மீன். அட்டையை முன்னும் பின்னும் புரட்டினேன், இல்லை. கரைக்கு வந்து தேடினால் அது எம்பரர் ஏஞ்சல் மீனின் குஞ்சாம். அட்டையிலும் எம்பரர் இருக்கிறது, ஆனால் மஞ்சளும் நீலமுமாக நீளவாக்கில் கோடு போட்டு, கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு. இரண்டும் ஒன்று என்று எப்படித் தெரியும்? கிளிமீன் கதை இன்னும் மோசம். அதில் பல இனங்கள் பெண்ணாக இருந்து ஆணாக மாறும்போது உடுப்பையே மாற்றிவிடும். அந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்களே ஒரே மீனுக்கு இரண்டு பெயர் வைத்து ஏமாந்திருக்கிறார்கள், பாவம் இந்த அட்டை என்ன செய்யும்!

ஆனால் இதற்குச் சாக்கே கிடையாது: மூரிஷ் ஐடலையும் பென்னன்ட் வண்ணத்துப்பூச்சி மீனையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள், இரண்டுக்கும் கறுப்பு வெள்ளைப் பட்டை, முதுகில் நீண்ட வெள்ளை இழை, வித்தியாசம் என்னவென்று ஒரு வார்த்தை இல்லை. வாலைப் பாருங்கள், ஐடலுக்குக் கறுப்பு, மற்றதற்கு மஞ்சள், அவ்வளவுதான். அந்த இடத்தில் லத்தீன் பெயரைப் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள், அலையில் ஆடிக்கொண்டே அதை யார் படிப்பது? ஏஞ்சலுக்குக் கன்னத்தில் பின்னோக்கி நீட்டிய முள் உண்டு, வண்ணத்துப்பூச்சி மீனுக்குக் கிடையாது, அதையும் சொல்லவில்லை. நிறத்தை மட்டும் காட்டினால் போதும் என்று நினைத்துவிட்டார்கள் போல. பத்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பு பெரும்பாலும் செத்துப்போய்ச் சாம்பலாகத் தெரியும்.

அப்புறம், மற்ற மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தின்று சுத்தம் செய்கிற கிளீனர் ராஸ். அதே நீலக்கோட்டு வேஷத்தில் வந்து துடுப்பைக் கடித்துவிட்டு ஓடுகிற பிளென்னி ஒன்று உண்டு. ராஸுக்கு வாய் மூஞ்சியின் நுனியில், திருடனுக்குக் கொஞ்சம் கீழே தள்ளி. அட்டையில் திருடனே இல்லை.

ஐந்துக்கு மூன்று. அட்டை சொரசொரப்பாக இருப்பதால் பென்சில் நன்றாக எழுதுகிறது, ஓரத்தில் ‘வால் கறுப்பு, கன்னத்தில் முள், வாய் கீழே’ என்று நானே எழுதிக்கொண்டேன். அந்த மூன்றில் ஒன்று அதற்காக.